மாயாற்றுப் பள்ளத்தாக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் சத்தியமங்கலத்துக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்தவன். பாறுக் கழுகு, அதாவது பலரும் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்கிற பறவையின் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைக் கூப்பிட்டபோது மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குள் சில முறை போய்வந்திருக்கிறேன். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கோபியிலிருந்து ஒரு மாணவி: ஐயா, மேப்பில் பைக்காரா என்றும் போட்டிருக்குது, மோயார் என்றும் போட்டிருக்குது. இரண்டும் வேற வேற ஆறுங்களா?

ஒரே ஆறுதானம்மா. நீலகிரியின் மேற்கு ஓரத்தில் முக்குருத்தி மலைப் பக்கம் பிறக்கும்போது அதன் பெயர் பைக்காரா. மேட்டு நிலத்தில் வடக்கே ஓடி, அருவியாக விழுந்து, முதுமலைக் காட்டுக்கு இறங்கிக் கிழக்கே திரும்பிய பிறகு மாயாறு. ஆங்கிலேயர் வரைபடத்தில் அது மோயார் ஆகிவிட்டது. தெப்பக்காட்டில் யானைகளைக் குளிப்பாட்டுகிறார்களே, அது இந்த ஆற்றில்தான்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் சாதுவாகப் போகிற ஆறு, மோயார் என்ற சிற்றூரைத் தாண்டியதும் சட்டென்று பாறைக்குள் இறங்கிவிடும். அதிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. ஆழம் 250 மீட்டரைத் தாண்டும். 'மைசூர் டிச்' என்று பழைய குறிப்புகளில் வருவது இதுதான். வடக்குக் கரை மைசூர் மேட்டு நிலம், தெற்குக் கரை நீலகிரியின் அடிவாரம். இடுக்கு முடிந்ததும் பள்ளத்தாக்கு அகன்று, தெங்குமரஹாடா என்ற ஊரைத் தொட்டு, பவானிசாகர் அணைத் தேக்கத்தில் பவானியோடு சேர்கிறது. உங்கள் ஊர் வயலுக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த இருட்டுப் பாறைக்குள் நடந்து வந்ததுதான்.

ஈரோட்டிலிருந்து ஒரு பொறியாளர்: இவ்வளவு ஆழமான வெட்டு எப்படி ஏற்பட்டது? நிலநடுக்கத்தில் பிளந்தது என்று சொல்கிறார்களே, சரியா சார்?

பிளந்தது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே நாளில் பிளந்தது என்பதுதான் தவறு.

நீலகிரி முழுவதும் சார்னக்கைட் என்னும் கெட்டிக் கருங்கல். சென்னைப் பல்லாவரத்தில் கிடைப்பதும் இதே கல்தான். இந்த நீலகிரிப் பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். அந்தப் பழங்காலத்தில் நிலத்துக்குள் மிக ஆழத்தில் இரண்டு பெரும் பாறைத் திட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நகர்ந்தன. அம்மிக்கும் குழவிக்கும் நடுவே அகப்பட்டது போல, உரசிய இடத்திலிருந்த பாறை நசுங்கி, இழுபட்டு, அடுக்கடுக்காக வரி விழுந்து போனது. இப்படி நசுங்கிய பட்டை ஒன்று நீலகிரிக்கு வடக்கே கிடக்கிறது. இன்னொன்று தெற்கே கிடக்கிறது. மலை அதற்கப்புறம் மேலே எழுந்தது. மழை பெய்தது. தண்ணீர் எப்போதும் இளைத்த இடத்தைத்தானே தேடும்? வடக்குப் பட்டையை மாயாறு பிடித்துக்கொண்டது, தெற்குப் பட்டையைப் பவானி பிடித்துக்கொண்டது. கெட்டிக் கல் இரண்டு பக்கமும் அப்படியே நிற்க, நடுவில் இருந்த நொறுங்கிய கல்லை ஆறு லட்சக்கணக்கான வருடங்களாக அரித்து அரித்து எடுத்துப் போயிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்: இந்த இரண்டு பட்டைகளும் கிழக்கே வர வர ஒன்றையொன்று நெருங்குகின்றன. அப்படி நெருங்கும் இடத்தில்தான் இரண்டு ஆறுகளும் கூடுகின்றன, அங்கேதான் நாம் அணையையும் கட்டியிருக்கிறோம். வகுப்பில் வரைபடத்தைப் பலகையில் வரைந்து, அதன் மேல் ஆற்றையும் வரைந்து காட்டினால் பிள்ளைகள் "அட!" என்பார்கள். அந்தச் சத்தத்துக்காகவே வருடா வருடம் அதை வரைந்தேன்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: ஊட்டியில் அப்படி மழை கொட்டுதுங்க. அதன் காலடியில் இருக்கிற இடம் ஏன் இப்படி முள்ளுக்காடாக் கிடக்குது?

மலை மறைத்துக்கொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் ஏறும்போது முக்குருத்தி, பைக்காரா, கூடலூர்ப் பக்கமெல்லாம் ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வெறும் காற்றாகத்தான் வருகிறது. அதனால் மேலே ஈரச் சோலைக்காடு, கீழே வெள்வேலும் உசிலையும் நிற்கும் முள்காடு. காங்கேயம் பக்கம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் நிற்கும் அதே வெள்வேல்தான். உசிலையும் நமக்குப் புதிதல்ல. தலைக்குத் தேய்க்கும் அரப்பு அந்த மர இலையில் அரைப்பதுதான்.

ஆனால் ஆற்றின் ஓரமாக மட்டும் இருபது முப்பதடி அகலத்துக்கு வேறொரு உலகம் இருக்கிறது. மேலே பெய்த மழை ஆறாக வருவதால், கோடையிலும் கரையில் நீர்மருது பச்சையாக நிற்கும். வெள்ளைப் பட்டை, அண்ணாந்து பார்க்கும் உயரம். சுற்றிலும் காய்ந்த காடு, நடுவே ஒரு பச்சைக் கோடு. இந்த மரத்தை மறந்துவிடாதீர்கள், பாறுக் கழுகைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நாங்கள் ஆறு பேர் பைக்கில் வரலாம் என்று இருக்கிறோம். ஆற்றோரம் டென்ட் போட இடம் உண்டா?

வேண்டாம் தம்பி. பள்ளத்தாக்கு முழுக்கப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மேற்கே முதுமலை, வடக்கே ஆற்றுக்கு அக்கரையில் பந்திப்பூர், கிழக்கே 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். ஆற்றோரம் இரவு தங்குவது உயிருக்கும் ஆபத்து. யானை தண்ணீருக்கு வரும் வழியும் நீங்கள் டென்ட் போட நினைக்கும் மணல் திட்டும் ஒன்றுதான்.

பார்க்க ஆசை இருந்தால் கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் கோடநாடு காட்சிமுனை இருக்கிறது. பேருந்திலேயே போகலாம். கீழே கிட்டத்தட்ட 5,000 அடிப் பள்ளத்தில் மாயாறு நூல் போலத் தெரியும், தெங்குமரஹாடா வயல்கள் கைக்குட்டை அளவில் தெரியும், ஒரு பக்கம் ரங்கசாமித் தூண் என்ற பாறை தனியே நிமிர்ந்து நிற்கும். ஆற்றோரத்தில் நிற்பவனுக்கு எதிர்ப் பாறை மட்டும்தான் தெரியும். பள்ளத்தாக்கை முழுதாகப் பார்ப்பவன் கோடநாட்டில் நிற்பவன்தான்.

புளியம்பட்டியிலிருந்து ஒரு அம்மா: ஆற்றில் முதலை இருப்பது நிசமா? எங்க வீட்டுப் பிள்ளைகள் அணைத் தேக்கத்தில் குளிக்கப் போகுதுங்க.

நிசம்தாங்க. மாயாற்றிலும் அணைத் தேக்கத்திலும் சதுப்புநில முதலை இருக்கிறது. பகலில் பாறை மேல் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும், தூரத்தில் பார்த்தால் பட்டுப்போன மரத்துண்டு மாதிரி. பிள்ளைகளைத் தேக்கத்தில் இறங்கவே விடாதீர்கள். முதலையை விடவும் சேறும் திடீர்ப் பள்ளமும் பெரிய ஆபத்து.

அதே ஆற்றில் நீர்நாயும் உண்டு. நாலைந்தாகக் கூட்டமாக வந்து மீன் பிடிக்கும். காவிரிப் படுகைக்கே உரிய, முதுகு மேடாக இருக்கும் பெரிய மஹ்சீர் கெண்டை மற்ற இடங்களில் ஏறக்குறைய அற்றுப்போன நிலையில், மாயாற்றில்தான் இன்னும் பிழைத்துக் கிடக்கிறது. ஆள் போக முடியாத மடுக்கள் அதற்கு அரண்.

பவானியிலிருந்து ஒருவர்: சின்ன வயதில் பிணந்தின்னிக் கழுகு பார்த்திருக்கிறேன். இப்போது எங்குமே இல்லை. மாயாற்றில் மட்டும் எப்படி மிஞ்சியது?

நானும் பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், பெரியப்பா தோட்டத்தில் ஒரு உழவு மாடு செத்துப் போனது. தோலை உரித்துக்கொண்டு உடலை ஊருக்கு வெளியே ஓடைப் பள்ளத்தில் போட்டார்கள். மறுநாள் காலை வானத்தில் ஒன்றுமே இல்லை. வெயில் ஏறியதும் ஒரு புள்ளி வட்டமிட்டது, அப்புறம் நான்கு, அப்புறம் எண்ண முடியவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் எலும்புதான் கிடந்தது. நாற்றம் இல்லை, ஈ இல்லை. பெரியப்பா "பாறு வந்து சுத்தம் பண்ணிட்டுப் போயிருச்சு" என்றார். பாறு என்பதுதான் சரியான பெயர், சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. பிணந்தின்னி என்று சொல்லாமல் பாறு என்றே சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அவை ஏன் போயின என்பது 2004 வரை புதிராகவே இருந்தது. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம் என்று அந்த வருடம் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி போட்ட மாடு இரண்டொரு நாளில் செத்துவிட்டால் மருந்து அதன் உடம்பில் தங்கிவிடுகிறது. அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, உடம்புக்குள் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து, சில நாளில் சாகிறது. ஒரு மாட்டை ஐம்பது அறுபது பறவைகள் சேர்ந்து தின்னும் என்பதால், நூற்றில் ஒரு மாட்டில் மருந்து இருந்தாலே போதும், கூட்டம் கூட்டமாகப் போய்விடும். வெண்முதுகுப் பாறு 1992-இல் இருந்த கணக்கில் ஆயிரத்தில் ஒன்றுதான் 2007-இல் இந்தியாவில் மிஞ்சியது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை அது. இழந்ததைச் சீக்கிரம் ஈடுகட்ட அதனால் முடியாது.

மாயாற்றில் மிஞ்சியதற்கு மூன்று காரணம் சொல்வேன். முதலாவது இரை: இங்கே அவை தின்பது பெரும்பாலும் புலியும் செந்நாயும் அடித்துப் போட்ட மானும் காட்டெருமையும். காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடுவதில்லை. இரண்டாவது கூடு: வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருதில் கூடு கட்டுகிறது, கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறை விளிம்பில் கட்டுகிறது. இரண்டும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. மூன்றாவது காற்று. விரித்தால் சுமார் இரண்டு மீட்டர் வரும் சிறகுகள், கனத்த உடம்பு. இறக்கையை அடித்தே பறந்தால் தின்றதெல்லாம் அதற்கே செலவாகிவிடும். வெயில் பட்டுப் பாறைச் சுவர் சூடாகி வெப்பக்காற்று மேலே கிளம்பும்போது, அதில் ஏறி உட்கார்ந்தது போல வட்டமிட்டே மேலே போய்விடும். மேலே போனால் முதுமலையும் பந்திப்பூரும் சத்தியமங்கலமும் ஒரே பார்வையில். அதனால்தான் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து கணக்கெடுக்கின்றன. ஒரே பறவை காலையில் ஒரு மாநிலம், மதியம் ஒரு மாநிலம்.

இந்த இரண்டோடு செந்தலைப் பாறும் இருக்கிறது, மஞ்சள்முகப் பாறும் எப்போதாவது தென்படுகிறது. எல்லாம் சேர்த்து மூன்று மாநிலத்திலும் சில நூறுதான். தென்னிந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளுக்கு இந்தப் பள்ளத்தாக்குதான் பெரிய வீடு.

அந்தியூரிலிருந்து ஒரு விவசாயி: நாங்க மாடு வச்சிருக்கிறவங்க. மாட்டுக்கு வீக்கம், காய்ச்சல் என்றால் ஊசி போடாமல் இருக்க முடியாதுங்களே. எதைப் போடலாம்?

நீங்கள் இதைக் கேட்டதற்கு நன்றிங்க. வந்த கேள்விகளிலேயே பாறுகளுக்கு நேரடியாக உதவக்கூடியது உங்களுடையதுதான்.

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதை 2006-லேயே அரசு தடை செய்துவிட்டது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பி கடையில் கிடைத்ததால் அதை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை. அதனால்தான் 2015-இல் மனிதர் ஊசியையே 3 மில்லிக்கு மேல் ஒரு குப்பியில் விற்கக் கூடாது என்று வந்தது. கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் இதே கேடு செய்பவை. 2023-இல் அவற்றையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள்.

மருத்துவர் வந்தால் "மெலாக்சிகேம் போடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். அதே வேலையைச் செய்யும், பாறுக்கும் கேடில்லை. மருத்துவர் அல்லாதவர் பையில் ஊசி கொண்டுவந்தால் குப்பியை வாங்கிப் பெயரைப் படித்துவிட்டு அப்புறம் போட விடுங்கள். மாடு இறந்துவிட்டால், அதற்குக் கடைசியாக என்ன மருந்து போட்டோம் என்று தெரியாதபோது ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்துவிட்டால், கோபத்தில் சிலர் உடலில் பூச்சிமருந்து தடவி வைக்கிறார்கள். புலிக்கு வைத்த விஷம் முதலில் கொல்வது பாறுகளை. வருத்தம் புரிகிறது, ஒரு கறவை மாடு போனால் வீட்டின் மாத வருமானமே போகிறது. ஆனால் வனத்துறையில் எழுதிக் கொடுத்தால் இழப்பீடு உண்டு. அலைய விடுகிறார்கள் என்பதும் உண்மை. அலைந்தாவது வாங்குங்கள்.

சென்னையில் வசிக்கும் சத்திக்காரர்: அணைக்குள் ஒரு கோட்டை மூழ்கியிருக்கிறது என்று தாத்தா சொல்வார்.

டணாய்க்கன்கோட்டை. ஹொய்சளர் காலத் தண்டநாயகர், அதாவது படைத்தலைவர் பெயரால் வந்தது. இரண்டு ஆறும் கூடும் இடத்துப் பக்கத்தில், பள்ளத்தாக்கின் வாயைக் காவல் காத்த கோட்டை. காவல் ஏன் வேண்டும் என்றால், மைசூரிலிருந்து கோயம்புத்தூர்ச் சீமைக்கு இறங்கும் பழைய வழியான கெஜலெட்டிக் கணவாய் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் வந்து விழுகிறது. 1790-இல் திப்பு சுல்தான் படையோடு இறங்கி, சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயப் படையைத் தாக்கியதும் அந்த வழியாகத்தான். திம்பம் சாலை வந்தபின் கெஜலெட்டியைக் காடு எடுத்துக்கொண்டது.

1955-இல் அணை முடிந்ததும் கோட்டையும் உள்ளே இருந்த கோயிலும் தண்ணீருக்குள் போயின. அணையின் முழு நீர்மட்டம் 105 அடி. கடும் வறட்சியில் மட்டம் மிகவும் இறங்கும்போது கோயில் தலை காட்டும். பார்க்க ஊர் திரளும். நான் ஒருமுறை போயிருந்தேன். கல் தூணில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பார்த்ததில் மகிழ்ச்சி ஒரு பக்கம், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் இல்லையே என்ற கவலை ஒரு பக்கம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர்: தெங்குமரஹாடா மக்களைக் காலி செய்யச் சொல்வது நியாயமா ஐயா?

கடினமான கேள்வி. நாடு விடுதலை அடைந்த காலத்தை ஒட்டி, உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று அரசே காட்டு நிலத்தைக் கூட்டுறவுச் சங்கமாகக் கொடுத்து உருவான ஊர் அது. அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் அல்ல. இன்றைக்கும் பவானிசாகரிலிருந்து காட்டு வழியே பேருந்து வந்து ஆற்றின் இக்கரையோடு நின்றுவிடும். அக்கரைக்குப் பரிசல்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் பிரசவத்துக்கும் பள்ளிக்கும் வழி இல்லை. அதனால் குடும்பத்துக்கு 15 லட்சம் வாங்கிக்கொண்டு போகத் தயார் என்று அங்கே பலரே சொல்கிறார்கள். யானை வழித்தடத்துக்கும் அது நல்லதுதான்.

என் கருத்து: போக விரும்புகிறவர்களுக்குப் பணத்தோடு நிலமும் வேண்டும், தாமதம் கூடாது. வயல் வைத்திருந்தவனைப் பணத்தை மட்டும் கொடுத்து நகரத்து ஓரத்தில் கூலியாக்கக் கூடாது. பள்ளத்தாக்கில் காலங்காலமாக வாழும் இருளர் குடிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவர்களுக்கு வன உரிமைச் சட்டப்படி தனி உரிமை இருக்கிறது. எந்த மரத்தில் எந்த வருடம் பாறு கூடு கட்டியது என்று கணக்கெடுப்பில் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு இருளர் பெரியவர்தான்.

பெருந்துறையிலிருந்து ஒருவர்: சீமைக்கருவேலம் அங்கேயும் உண்டா?

உண்டு, பள்ளத்தாக்கின் கிழக்குப் பாதியில் ஏராளம். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும், எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடுகிற விலங்கு அது. கருவேலம் புல்வெளியை மூடிக்கொண்டே வருகிறது. வருத்தம் என்னவென்றால் அதன் காயை வெளிமானே தின்று, சாணத்தோடு விதையைப் பரப்புகிறது. வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு பிடுங்கி, புல் வரும் வரை இரண்டு மூன்று மழை பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் (அம்மா எழுதியது): கோடநாட்டுக்குப் போனால் பாறு தெரியுமா தாத்தா?

தெரியலாம் கண்ணு. ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள். காலை ஏழு மணிக்கே போய் நின்றால் மூடுபனிதான் இருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் பாறையில் நன்றாகப் படட்டும், காற்று மேலே கிளம்பட்டும். அப்போது கீழே பார், மேலே பார்க்காதே. மற்ற இடங்களில் பாறுகளை அண்ணாந்து பார்த்து வயிற்றைத்தான் பார்க்க முடியும். கோடநாட்டில் நீ அவற்றுக்கு மேலே நிற்கிறாய். கருப்பாக ஒன்று பள்ளத்தில் வட்டம் போட்டுத் திரும்பும்போது முதுகின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு மின்னினால், அதுதான் வெண்முதுகுப் பாறு. எத்தனை பார்த்தாய், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு.